டிரம் வந்த வருஷம் எழுதிய எட்டுப் பெயர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் மேனேஜர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். புது மிஷின்கள் வரப் போகின்றன, ஷிப்ட் மாறப் போகிறது, இந்த நேரத்தில் ஆட்களை எப்படிச் சமாளிப்பது என்று இளைஞர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகும் அந்தச் ‘சமாளிப்பது’ என்ற சொல் மட்டும் காதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு காலத்தில் எனக்கும் அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்தையும், அதற்குப் பிறகு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி ஆட்கள் சேர்ந்து செய்த ஒரு காரியத்தையும் எழுதுகிறேன். அந்தக் காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். கிழவன் பெருமை அடித்துக்கொள்கிறான் என்று நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை.

நான் குடியாத்தத்துக்காரன். லுங்கி நெய்யும் குடும்பம். தறிக்காரன் மகன் தோல் படிப்பு படிக்க மெட்ராஸ் போனதில் அப்பாவுக்கு ஏகப்பட்ட வருத்தம். ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. படிப்பை முடித்து ஆம்பூரில் பாலாற்றங்கரையில் இருந்த ஒரு டேனரியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். வயது இருபத்து நாலு. சட்டைப் பையில் பேனா, கையில் கடிகாரம், தலை நிறைய கர்வம்.

அப்போது எங்களிடம் மிஷின் என்று எதுவும் கிடையாது. சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோல்களை ஆவாரம்பட்டைத் தண்ணீர் நிரப்பிய குழிகளில் போடுவார்கள். வாரக்கணக்கில் அதில் கிடந்துதான் அவை பதமாகும். தினமும் குழியில் இறங்கித் தோல்களைத் தூக்கி, திருப்பி, மறுபடி பரப்பவேண்டும். ஒரு குழிக்கு இரண்டு பேர். அந்த ஜோடியை யாரும் பிரிக்க மாட்டார்கள். குழிகளுக்கு நம்பர் இருந்தது, ஆனால் நம்பரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘முனுசாமி காதர் குழி’ என்பார்கள். தோல் வண்டி ஏறும்போது, இது இன்னார் குழித் தோல் என்று கணக்கப்பிள்ளை முதல் வண்டிக்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நன்றாக வந்தால் அந்த ஜோடி அன்றைக்கு டீக்கடையில் காலை நீட்டி உட்காரும். கெட்டுப்போனால் பக்கத்துக் குழிக்காரன் முகத்தில் விழிக்காமல் வீட்டுக்குப் போகும்.

முனுசாமிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை பட்டைச் சாயம் ஏறிப்போன கைகள். அதிகம் பேச மாட்டார். அவருடைய ஜோடி காதருக்கு வாய் மூடவே மூடாது. இரண்டு பேரும் பதினைந்து வருஷமாக ஒரே குழியில் நின்றவர்கள். நான் அவர்களை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை ‘சார்’ என்றார்கள். இதில் ஏதாவது தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

நான் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனபோது எங்கள் முதலாளி இரண்டு டிரம் வாங்கினார். நீங்கள் இன்றைக்குப் பார்க்கிற அதே ஜாதிதான். ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப்பீப்பாய், மோட்டாரில் சுற்றும். குழியில் வாரக்கணக்கில் ஆவது இதில் சில நாளில் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதுவரை ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது. அதைப் பொருத்துவது, ஓட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான் பதினைந்து நாள் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் போட்டேன். எந்தக் குழிகளை மூடுவது, எந்த ஆளை எங்கே மாற்றுவது, எல்லாம் கலர் பென்சிலில். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் எங்கள் வீட்டில் லுங்கிக்கு ஒரு புதுக் கரை போடுவதென்றால் பாவு நூல் ஓட்டுகிறவரிலிருந்து தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற அத்தை வரை எல்லோரும் கூடி ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்தால்தான் தறியில் நூல் ஏறும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மெட்ராஸில் படித்துவிட்டு வந்ததும் அதெல்லாம் படிக்காதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்துவிட்டேன்.

டிரம் ஓடுவதற்கு முதல் நாள் ஒரு தகரப் போர்டு மாட்டினேன். வேலூர் லாங் பஜாரில் ஒரு பெயிண்டரிடம் சிவப்பு எழுத்தில் எழுதி வாங்கியது. மூன்று வரி. ஒன்று, குழிகள் மூடப்படும். இரண்டு, ஆட்கள் மாற்றப்படுவார்கள். மூன்று, டிரம் அருகில் ஆப்பரேட்டரைத் தவிர யாரும் வரக் கூடாது. ஆப்பரேட்டர் வெளியூர் ஆள். மோட்டார் தெரியும், தோல் தெரியாது. காதர் போர்டை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடடா, எவ்வளவு அடக்கமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முதல் சரக்கு ஏறியது. வேகமாக முடித்துக் காட்டவேண்டும் என்ற ஆசையில் எடுத்த எடுப்பிலேயே புதுப் பட்டைத் தண்ணீரைக் கெட்டியாக ஊற்றச் சொன்னேன். குழி வேலையில் அப்படிச் செய்யவே மாட்டார்கள். பழைய, லேசான தண்ணீரில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் கெட்டியாக்குவார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. சுற்றுகிற டிரம்முக்கு அது தேவையில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சாயங்காலம் திறந்து பார்த்தால், தோல் எல்லாம் முகம் சுருங்கி வரிவரியாகக் கிடந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முனுசாமி பத்தடி தள்ளிக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்தான் கிடைத்தார்.

“நான் தண்ணி ஊத்தச் சொன்னப்போ நீ பார்த்துக்கிட்டுத்தானே நின்னே?”

“பார்த்தேன் சார்.”

“சுருங்கிடும்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்போ வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

அவர் நிதானமாகத் தகரப் போர்டைக் காட்டினார். “கிட்ட வரக் கூடாதுன்னு நீங்கதானே சார் போட்டிருக்கீங்க. நான் வரல.”

என் கையால் எழுதிக் கொடுத்த உத்தரவை அந்த மனுஷன் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். நம்முடைய தொழிலில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். வேலைநிறுத்தம் செய்தால்கூடப் பேசித் தீர்க்கலாம். சொன்னதை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடக் காலம் தள்ள முடியாது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். அவரை ஆட்கள் ‘சாயபு’ என்பார்கள். கெட்டவர் இல்லை. ஆனால் டிரம்முக்காகக் கை நிறையக் கடன் வாங்கியிருந்தார், கண்ணில் தூக்கமில்லை.

“சண்முகம், இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா டிரம்மையும் வித்துட வேண்டியதுதான், உன்னையும் அனுப்பிட வேண்டியதுதான். அடுத்த சரக்கைப் பார்க்க மெட்ராஸ்லேர்ந்து வாங்கறவங்க ஆளு வருது. பாஸாகணும்.”

“ஆகும் முதலாளி.”

“அது சரி. டிரம் வந்தப்புறம் குழிக்கு இத்தனை ஆளு ஜாஸ்தி. எட்டுப் பேரைக் கம்மி பண்ணணும். மாசக் கடைசிக்குள்ள யார் யாருன்னு எழுதிக் கொடு. வெளியே மூச்சு விடாதே.”

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை நம்பர் போட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. குழியில் இருந்தவர்கள் இருபத்து நாலு பேர். யார் வேலையில் சுணக்கம் என்று யோசித்தேன். ஒருவர் பெயரும் வரவில்லை. யார் வீட்டில் கஷ்டம் கம்மி என்று யோசித்தேன். அதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கூடவே இருந்திருக்கிறேன், முனுசாமிக்கு எத்தனை குழந்தைகள் என்றுகூடத் தெரியாது. அன்றைக்கு எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேராகக் குழிகளுக்குப் போனேன். போகிற வழியில் தகரப் போர்டைப் பிடுங்கினேன். ஆணி விரலைக் கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட நான் வருவதைப் பார்த்ததும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். பட்டை மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்ணீர் விஷயத்தில் தப்பு என்னுடையது என்றேன். எட்டுப் பேர் விஷயத்தையும் சொன்னேன். முதலாளி மூச்சுவிடாதே என்றதையும் சேர்த்தே சொன்னேன். அது சரியா என்று கேட்காதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தால் நான் நல்ல வேலைக்காரன். அந்த எட்டுப் பேருக்கு நான் யார்?

காதர் கேட்டார், “எட்டுப் பேரு யாரு சார்?”

“எழுதலை. எனக்கு எழுதத் தெரியலை.”

“எழுதத் தெரியலன்னா இங்க எதுக்கு வந்தீங்க? எங்க கைல பேனா கொடுத்து, நீயே உன் தோஸ்த் கழுத்தை அறுன்னு சொல்லவா?”

அவர் கேட்டது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. பதமான தோலுக்கு எண்ணெய் தடவி நிழல் கொட்டகையில் தொங்கவிட்டுக் காய வைப்பது பெண்கள் வேலை. அந்தப் பத்துப் பெண்களுக்கும் அஞ்சலைதான் தலைவி. சத்தம் கேட்டு வந்து நின்றிருக்கிறார்.

“ஏன் சார், எட்டுப் பேரை அனுப்பிட்டா தோலை யாரு காயப் போடுவா? உங்கப்பாவைக் கூட்டியாரப் போறீங்களா?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் புரியவில்லை.

“இன்னா முழிக்கிறீங்க? குழியிலேர்ந்து தோலு கொஞ்சம் கொஞ்சமா வரும். நாங்க பத்துப் பேரு போதும். உங்க பீப்பாய் நாலு நாளுல ஒரு மலையைத் தூக்கி என் வாசல்ல கொட்டும். அதுக்கு எண்ணெ போட்டு, தொங்க விட்டு, திருப்பி, எறக்கி, அடுக்கணும். பத்துப் பேரு கை எத்தினி? ஈரத்தோட கெடந்தா பூசணம் பூத்துடும். அப்போ டிரம்மை நிறுத்தி வெச்சு வேடிக்கை பாப்பீங்களா?”

பதினைந்து நாள் கலர் பென்சில் பிடித்துப் போட்ட என் திட்டத்தில் காயப் போடும் கொட்டகை என்று ஒரு கட்டம்கூட இல்லை. தோல் வேகமாகப் பதமாகும் என்பது எனக்குத் தெரிந்தது. வேகமாகப் பதமான தோல் எங்கே போகும் என்பது அஞ்சலைக்குத் தெரிந்தது. குழியில் மிச்சமாகும் எட்டுப் பேரும் கொட்டகைக்கு வேண்டும். ஒருவரையும் அனுப்பத் தேவையில்லை. இதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது எனக்கு.

மீதிப் பாதி வரவில்லை. “அப்போ எட்டுப் பேர் கொட்டகைக்கு வாங்க” என்றேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. குழி ஆள் என்றால் எங்கள் டேனரியில் அது ஒரு பட்டம் மாதிரி. குழியை விட்டு, பெண்களோடு நின்று, ஒரு பெண் சொல்கிற வேலையைச் செய்வதா? அதற்குப் பதில் ஊரைவிட்டுப் போகலாம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அஞ்சலை புடவையை உதறிக்கொண்டு, “வராட்டி போங்க. கெஞ்சிக் கூப்பிடுவேன்னு பாக்காதீங்க” என்று போய்விட்டார்.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. அடுத்த மூன்று நாளும் வேலை முடிந்ததும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்தோம். அவர்கள் கேட்டது மூன்று. ஜோடியைப் பிரிக்கக் கூடாது, சரி என்றேன். டிரம்மில் எப்போது தண்ணீர் மாற்றுவது, எப்போது தோலை எடுப்பது என்பதை அதில் நிற்கிற ஜோடிதான் முடிவு செய்யவேண்டும். இது என் தொண்டையில் சிக்கியது. படித்தவன் நான். மென்று விழுங்கிவிட்டு அதற்கும் சரி என்றேன். மூன்றாவது, எல்லாக் குழிகளையும் மூடக் கூடாது, நாலு குழியைப் பட்டைத் தண்ணீரோடு வைத்திருக்கவேண்டும். இது எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும் சார்” என்றார் முனுசாமி. பழசை விட மனசில்லை போலும் என்று நினைத்து, போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டேன். இந்த மூன்று போக, மணிக்கொரு தடவை டிரம்மை நிறுத்திக் கதவைத் திறந்து பார்க்கவேண்டும் என்று காதர் தனியாகப் பிடிவாதம் பிடித்தார். அதற்கு மட்டும் முடியாது என்றேன், அடிக்கடி நின்றால் தோல் அமுங்கிவிடும் என்று விளக்கினேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது சரக்கு ஏறியது. முதல் டிரம்மில் முனுசாமியும் காதரும். பழைய தண்ணீரில் ஆரம்பித்தார்கள். முனுசாமி காதை மரத்தோடு ஒட்டி வைத்து உள்ளே தோல் புரள்கிற சத்தத்தைக் கேட்பார். இரண்டாம் நாள் மத்தியானம் கோடை மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் கோடையில் மழை வந்தால் சும்மா வராது, மரத்தைச் சாய்த்துக்கொண்டுதான் வரும். கரண்ட் போய்விட்டது. இரண்டு டிரம்மும் சரக்கோடு அப்படியே நின்றன.

டிரம் நின்றால் உள்ளே தோல் குவியலாக அமுங்கிவிடும். மடிப்பில் தண்ணீர் போகாது. போன இடம் ஒரு நிறம், போகாத இடம் ஒரு நிறம் என்று திட்டுத் திட்டாக ஆகிவிடும். மெட்ராஸ் ஆள் ஒரு பார்வையில் தள்ளிவிடுவார். அதோடு டிரம்மும் போகும், நானும் போவேன், எட்டுப் பேர் என்ன, மொத்தக் குழி ஆட்களும் போவார்கள்.

“அரைமணியில வந்துடும். பொறுப்போம்” என்றேன்.

முனுசாமி வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். “கம்பம் மூணு விழுந்து கெடக்குது சார். இன்னிக்கி வராது. இப்பவே எடுத்து அந்த நாலு குழியில பரப்பிடணும்.”

“நடுவுல எடுத்தா கெட்டுப் போகும்! புத்தகத்துல...”

அவர் என்னையே பார்த்தார். முடிவு ஜோடியுடையது என்று வார்த்தை கொடுத்தவன் நான். இப்போது என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் அந்தப் பார்வை. தம்பிகளா, தங்கைகளா, கூட்டத்தில் உட்கார்ந்து அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது சுலபம். சரக்கு கெட்டுக்கொண்டிருக்கும்போது கொடுத்ததைத் திரும்பப் பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டம். என் வேலை, என் பெயர், அப்பாவின் முகம், எல்லாம் கண்முன் வந்து போயின. வாயைத் திறந்தால் ‘வேண்டாம்’ என்றுதான் வரும் என்று தெரிந்தது. அதனால் வாயைத் திறக்கவே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “சொல்லுங்க முனுசாமி, நான் என்ன தூக்கணும்?” என்றேன். முதல் தடவையாக ‘ங்க’ போட்டிருக்கிறேன் என்பது அப்புறம் காதர் கிண்டல் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

கொட்டுகிற மழையில் இருபத்து நாலு பேரும் வரிசை கட்டினார்கள். அஞ்சலையும் பெண்களும் கூப்பிடாமலே வந்தார்கள். கை மாற்றிக் கை மாற்றி இரண்டு டிரம் சரக்கும் நாலு குழிக்குள் இறங்கியது. ஒவ்வொரு தோலையும் மடிப்பு நீக்கிப் பரப்பினார் முனுசாமி. ‘இருக்கட்டும் சார்’ என்று அவர் குழிகளைக் காப்பாற்றி வைத்தது எதற்கு என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் கரண்ட்டை நம்பி யாரும் விளக்குத் திரியைத் தூக்கிப் போட்டதில்லை. அதை அவர் யோசித்தார், நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கரண்ட் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது.

மெட்ராஸ் ஆள் வந்தார். சரக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், ஓரத்தில் வெட்டிப் பார்த்தார். “குழித் தோல் மாதிரியே இருக்கே, டிரம்முன்னு சொல்றீங்க?” என்றார். ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. அன்றைக்கு முனுசாமி தெருவில் நடந்து போனதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ராஜா கெட்டார். மறுநாளிலிருந்து அந்த டிரம்முக்கு ‘முனுசாமி காதர் டிரம்’ என்று பெயர் வந்துவிட்டது. முதலில் கிட்டப் போகக் கூசியவர்கள் எல்லாம் இப்போது டிரம்மில் நிற்கப் போட்டி போட்டார்கள்.

இதனால் எனக்குப் புதுத் தலைவலி. மாசக் கடைசி வந்துவிட்டது. கொட்டகைக்குப் போக ஒருவரும் தயாரில்லை. போகவில்லை என்றால், எட்டுப் பேர் எதற்கு என்று முதலாளி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தோம். நான் தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

“எழுதுங்க சார். முனுசாமி. காதர்.”

முனுசாமிதான் சொன்னார். எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. “நீங்க எதுக்கு? டிரம்மை உங்களைவிட்டா யாருக்குத் தெரியும்?”

“சொல்லிக் கொடுத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. நான் போனா மத்தவன் எவனும் சிரிக்க மாட்டான் சார். புதுசா வந்தவன் போனா, இவனைத் தள்ளிட்டாங்கன்னு ஊரே பேசும்.”

காதர் துள்ளி எழுந்தார். “அடப்பாவி, என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?”

“உன்ன இன்னாடா கேக்கறது?”

காதர் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “பேஜார் புடிச்ச ஆளு சார் இவன். சரி, எழுதுங்க” என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பேனா ஓடவேண்டியிருந்தது. இன்னும் மூன்று ஜோடிகள் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரும் பழைய, கைதேர்ந்த ஆட்கள். எட்டுப் பெயரும் எழுதி முடித்தபோது என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அஞ்சலை ஒரு தந்திரம் செய்தார். அந்த வாரம் டிரம்மில் இருந்து வந்த தோலில் கொட்டகை கொள்ளாததை எல்லாம் முதலாளி தினமும் ஆபீசுக்கு வருகிற வழியில் மற்றப் பெண்களை விட்டுக் குவித்து வைத்தார். ஒதுக்கி வைக்கலாமே என்று நான் சொன்னதற்கு, “ஒரு நாள் கெடந்தா ஒண்ணும் ஆவாது. சாயபு கண்ணால பாக்கட்டும்” என்றார்.

முதலாளி பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஈரக் குவியலைச் சுற்றிவிட்டுத்தான் ஆபீசுக்குள் வரவேண்டியிருந்தது. நான் தாளைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார்.

“எட்டு. சபாஷ். நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு.”

“இது அனுப்பறதுக்கு இல்ல முதலாளி. காயப் போடற கொட்டகைக்கு. அதே கூலியில.”

“காயப் போட குழி ஆள் கூலியா? தமாஷ் பண்றியா?”

“இப்போ வாசல்ல பார்த்துட்டு வந்தீங்களே, அது ஒரே வாரத்துச் சரக்கு. இவங்க எட்டுப் பேரும் போயிட்டா அடுத்த வாரம் உங்களால உள்ளேயே வர முடியாது. டிரம் பாதி நாள் சும்மா நிக்கும்.”

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். இப்போதுதான் பெயர்களைப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“முனுசாமியையா எழுதினே? மழையில சரக்கைக் காப்பாத்தினது அவன்தானே? எங்க வாப்பா காலத்துலேர்ந்து இருக்கிறவன். உனக்குப் புத்தி இருக்கா?”

“நான் எழுதலை முதலாளி. அவரே முதல்ல எழுதச் சொன்னார். மத்தவங்களுக்குக் கூச்சம் போகணும்னு.”

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். வாசலில் கிடந்த குவியலை ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, “எல்லாரும் இருக்கட்டும். போ, போய் வேலையைப் பாரு” என்றார். கோபமாகச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த டேனரியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். எத்தனையோ மிஷின் வந்தது. எதற்கும் கதவைச் சாத்திக்கொண்டு திட்டம் போடவில்லை. என்ன வருகிறது, அதனால் யாருக்கு என்ன ஆபத்து என்பதை முதலில் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்பேன். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்குக் குழிக் கூலியே கொடுத்தால் பக்கத்தில் அதே வேலை செய்கிற எங்களுக்கு ஏன் கம்மி என்று அஞ்சலை அடுத்த வாரமே கேட்டார். அதை வாங்கிக் கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த விஷயத்தில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள எதுவும் இல்லை.

மற்றதில் உண்டு. முதலாளி தாளைத் திருப்பித் தள்ளிய அன்றைக்கு ஆபீசிலிருந்து நான் குழிப்பக்கம் போனபோது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன்.

“நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணும்.”

காதர் முனுசாமியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். கொட்டகை வாசலில் நின்றிருந்த அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார், “வரணும்னா எத்தினி மணிக்கு? குழி மாதிரி எட்டு மணிக்கு ஆடி அசைஞ்சு வர்றதெல்லாம் நம்மகிட்ட ஆவாது. என் கொட்டகையில ஏழு மணி.”

மறுநாள் ஆறே முக்காலுக்கு முனுசாமியும் காதரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றிருந்தார்கள்.